பன்னிரண்டு மில்லிமீட்டர்

முகத்திலிருந்த இரண்டு பஃபர்களையும் பிடுங்கி எறிந்த பிறகுதான் அந்த ஜெர்மன் மாடல் எஞ்சின் கும்பகோணம் பக்கம் வரத் தயாரானது. நம் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு நடுவில் ஒரே பஃபர், கொக்கியும் அதிலேயே. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒருவர் குனிந்து நுழைந்து கொக்கியை மாட்டுவதை அந்த நாளில் மாயவரம் ஜங்ஷனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். தரங்கம்பாடி வண்டி அங்கிருந்துதான் புறப்படும். அதில் யாருக்கும் அவசரம் இருந்ததாக நினைவில்லை.

எதையோ சொல்ல வந்தேன். அளவு. எச்ஓ என்கிற 1:87 மாடல் விகிதத்தில் நம் மீட்டர் கேஜ் பாதை 11.5 மில்லிமீட்டர் வரும். அதற்குப் பக்கத்தில் இருப்பது, கிழக்கு ஜெர்மனியில் வேர்விட்ட டிடி ரகத்தின் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அந்த ரகத்தில் பழைய பசிபிக் எஞ்சின் ஒன்று கிடைத்தது: முன்னால் நான்கு சக்கரம், நடுவில் ஆறு, பின்னால் இரண்டு. எங்கள் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினான ஒய்பியும் அதே வரிசைதான். ஒய்பியின் பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர்; 87ஆல் வகுத்தால் 16க்குச் சற்றுக் குறைவு. ஜெர்மன் சக்கரம் சற்றுக் கூடுதல். ஊரில் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

சொல்லப்போனால் இந்தப் பக்கத்துப் பாதையே அளவு மாறி மாறி வந்ததுதான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் போட்டது அகலப்பாதை. 1870களில் அதை மீட்டராகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் போட் மெயில், பாசஞ்சர், நெல் ஏற்றிய கூட்ஸ் எல்லாம் அந்தக் குறுகலிலேயே ஓடின. பிறகு மறுபடியும் அகலம். நீடாமங்கலம் கேட்டில் பஸ்ஸை நிறுத்திவைத்தது மட்டும் எந்த அளவிலும் மாறவில்லை.

புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்ற தடுப்புத் தகடுகளை அறுத்தேன். மூன்று சின்ன விளக்குகளுக்குப் பதில் மேலே ஒரே பெரிய விளக்கு. டிரைவர் கூண்டைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பற்றவைத்தேன். பாய்லர் மேலிருக்கும் டோம்தான் பிடிகொடுக்கவில்லை. குட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கை ராவினால் கோணல் கோணலாக வந்தது.

சுவாமிமலையில் பழக்கமான ஸ்தபதி ஒருவரிடம் கேட்டேன். மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் மண்ணை மேலே பூசி, காயவைத்துச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற வேலை அது. சோழர் காலத்து நடராஜருக்கும் இதே வழிதான். ஜப்பானிலும் கொரியாவிலும் விலை உயர்ந்த பித்தளை மாடல்களுக்கு விசில், வால்வு எல்லாம் மெழுகு வார்ப்பில்தான் வரும் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "வேற எப்படிப் பண்ணுவாங்க?" என்றார். சுண்டைக்காய் அளவில் டோம் வந்தது. அதன் மேல் வண்ணம் அடிக்க மனசு வரவில்லை. ஆனாலும் கறுப்பு அடித்தேன். ஒய்பி ஒய்பியாக இருக்க வேண்டும்.

1949க்கும் 1970க்கும் நடுவில் 871 ஒய்பிகள் செய்தார்கள். பாதிக்கு மேல் ஜாம்ஷெட்பூர் டெல்கோவில். நம் பக்கத்து எஞ்சின்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பொன்மலைப் பட்டறை. அந்தப் பட்டறையும் 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்ததுதான். ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் அங்கே செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் அசட்டுப் பெருமை உண்டு.

நீராவிக் காலத்தில் ஃபயர்மேனாக இருந்த பெரியப்பாவிடம் காட்டினேன். டோமை அவர் பார்க்கவே இல்லை. டெண்டரைத்தான் பார்த்தார். அதில் கம்பெனியே அச்சில் வார்த்து வைத்த நிலக்கரி.

"ஏன்டா தம்பி, இத்தாம் பெரிய கட்டியை எவன்டா மண்வெட்டியில அள்ளுவான்? சுத்தியலால உடைச்சுத்தான் போடணும். எங்களுக்குக் கை காய்ச்சது அதனாலதான்."

அவரே உட்கார்ந்து அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுத்தார். அதைச் சலிக்க எடுத்த காபி வடிகட்டி வீணாய்ப் போனது. அம்மா சத்தம் போட்டதும், சாயங்காலம் பெரிய கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார் பெரியப்பா. பழையதைத் தூக்கிப் போடாதே, கூட்ஸ் எஞ்சினுக்கும் கரி வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.