கடற்கரையில் மறைந்ததோர் கோட்டை

அழிந்துபோன கோட்டைகளைப் பற்றிப் பேசுங்கால், காலமே அவற்றை அழித்ததென்று கூறிவிடுவது நம்மனோர் வழக்கம். ஸ்காத்லாந்தின் வடகிழக்கே மரே கடற்கரையிலுள்ள பர்க்ஹெட் என்னும் ஊரின் சரித்திரத்தை வாசித்தது முதல், அங்ஙனம் கூற எனக்கு நா எழுவதில்லை.

அங்கே கடலுள் நீண்டதொரு நிலமுனையில், பிக்துகள் என்னும் பண்டை மக்கள் கட்டிய கோட்டை யொன்றிருந்தது. அம்மக்களுடைய கோட்டைகளென இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. நிலப்புறத்தே மூன்று அரண்கள் முனையைக் குறுக்கே அடைத்து நின்றன. உட்கோட்டையின் மதிலோ ஏறக்குறைய 8 மீட்டர் கனமுடையது. ஓக் மரச்சட்டங்களை அடுக்கி, இரும்பாணி தைத்து, கல்லோடு பிணைத்துக் கட்டியது. கி. பி. 10-ஆம் நூற்றாண்டில் அஃது எரிந்தது. வைகிங்குகள் இட்ட தீயென்பர்.

எனினும், கோட்டையை மறைத்தது அத்தீயன்று. பின்னும் பல நூற்றாண்டுகள் அதன் அரண்கள் நின்றன. 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ராய் என்னும் படைத்துறை நில அளவையாளர் அவற்றை அளந்து படம் வரைந்தார். ரோமர் கட்டியதென்று அவர் கருதியது பிழையே. ஆயினும், அவர் இறந்தபின் 1793-இல் வெளிவந்த அப்படத்தாலேயே முழுக் கோட்டையின் வடிவை இன்று அறிகிறோம். 1805 முதல் 1809 வரை துறைமுகமும் புதிய ஊரும் எழும்பியபோது, கோட்டையிற் பாதிக்கு மேல் இடிபட்டது. எருதின் உருவம் செதுக்கிய கற்கள் ஏறக்குறைய 30 கிடைத்தனவாம், எஞ்சியவை ஆறே.

இடித்தவரைத் தூற்றுதல் எளிது; நான் தூற்றேன். அவருக்கு வீடும் பிழைப்பும் வேண்டியிருந்தன. பாறையைக் குடைந்தமைத்த பழங்கிணறொன்று 1809-இல் வெளிப்பட்டதும் அவர்கள் குடிநீர் தேடியதாலேயே.

மண்ணுக்கடியில் இனி ஒன்றுமில்லை யென்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். 2015 முதல் அபர்தீன் சர்வகலாசாலையார் அகழத் தொடங்கவே, அவ்வெண்ணம் பொய்த்தது. நீண்ட வீடொன்றின் தடமும், 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்பிரெட் அரசனது நாணயமொன்றும் அகப்பட்டன. மதிலின் கருகிய மரங்களும் கிடைத்தன. பச்சை மரம் மண்ணில் மக்கிவிடும்; கரியான மரம் எளிதில் மக்குவதில்லை. பகைவர் அழிக்க இட்ட தீ இங்ஙனம் சிலவற்றைக் காத்துத் தந்தது. வாழ வந்தவர் கைப்பட்டதோ மீளவில்லை. இதனினும் வியப்பானதொன்றை நான் சரித்திரத்திற் கண்டதில்லை.

இப்பொழுது கடலலை அம்முனையை அரித்து வருகிறது. ஆகவே அகழ்வோர், அலை கொள்ளுமுன் அளந்தெழுத விரைகின்றனர்.

நண்பர்காள், பழஞ்சுவ ரொன்று வீழ்வதைத் தடுக்கும் ஆற்றல் நம்மில் அனேகருக்கு வாய்ப்பதில்லை. வீழுமுன் அதனை அளந்து குறித்துவைக்கும் ஆற்றலோ எவர்க்கும் உண்டு. ராய் செய்தது அவ்வளவே. அதனைச் செய்யாதிருந்தால், எதை இழந்தோமென்பதும் நமக்குத் தெரிந்திராது.