தாமதத்தின் தராதரம்

தாமதம் என்றதும் அதனைச் சோம்பலுக்கும் திறமையின்மைக்கும் உறவாக்கிப் பேசுவது நம்மவர் இயல்பு. ஆயின், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்குத் தாமதங்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல என்பது புலனாகும்.

2018ஆம் ஆண்டில், பாடசாலை மாணவனாக இருந்த காலந்தொட்டு இத்தொலைகாட்டி பற்றிய செய்திகளை நான் வாசித்து வந்தேன். ஏவப்படும் நாளைக் கொப்பியொன்றிற் குறிப்பதும், அது ஒத்திவைக்கப்பட்டதும் வெட்டிவிட்டுப் புதிய நாளை எழுதுவதும் வழக்கமாயின. கலைப்பீட மாணவனுக்கு இது எதற்கு என்று விடுதி நண்பர்கள் பின்னாளில் வினவியதுண்டு. கொடுத்த வாக்கினை மனிதர் எவ்வாறு காக்கின்றனர் என்பது கலைப்பீடத்துக்கும் உரிய வினாவே.

1990களின் பிற்பகுதியில், 2007ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 100 கோடி டொலர் செலவில் இதனை ஏவிவிடலாமென எதிர்பார்க்கப்பட்டது. உண்மையில் அது 2021 திசெம்பர் 25ஆம் நாளே பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்டது. செலவோ 1000 கோடி டொலரை எட்டியது. 2011இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உபகுழுவொன்று இத்திட்டத்தையே கைவிட வேண்டுமெனப் பிரேரித்தது.

இத்தாமதத்தில் ஒரு பகுதி கண்டிக்கத்தக்கதே. குறைபாடு தொழினுட்பத்தில் அன்று, நிதி மதிப்பீட்டிலும் நிருவாகத்திலுமே உளதென 2010இல் சுயாதீன ஆய்வுக்குழு எடுத்துரைத்தது. பெருஞ்செலவைச் சிறுசெலவாகக் காட்டித் தொடங்கிய பணி, பின்னர் அதற்குரிய விலையைச் செலுத்தியே தீரும்.

மற்றொரு பகுதியோ போற்றத்தக்கது. ஏவுவதற்கு முன் நிகழ்ந்த பரிசோதனைகளின்போது, ஐந்து படலங்களைக் கொண்ட வெயிற்காப்புத் திரையிற் கிழிசல்கள் காணப்பட்டன. திருகாணிகளும் கழன்று வீழ்ந்தன. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைகாட்டியின் ஆடியிற் பிழை தென்பட்டபோது, 1993இல் விண்வெளி வீரர் சென்று அதனைச் சீர்செய்தனர். வெப் நிலைகொள்ளும் இடமோ 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பாற்பட்டது. அங்கே சென்று திருத்துவார் எவருமிலர். முந்நூறுக்கு மேற்பட்ட நுட்பங்களுள் ஒன்று பிழைத்தாலும் பணி முழுவதும் பாழாகலாம் என்ற நிலையில், தரையிற் கழன்ற திருகாணி நற்பேறே எனல் வேண்டும்.

பொறுமை இழந்தால் விளைவதென்ன என்பதற்குச் சலஞ்சர் விண்ணோடம் சான்று. பன்முறை ஒத்திவைக்கப்பட்ட அது, கடுங்குளிரில் இறப்பர் அடைப்பு வளையங்கள் பழுதுறலாமெனப் பொறியியலாளர் முன்னிரவில் எச்சரித்திருந்தும், 1986 சனவரி 28ஆம் நாள் ஏவப்பட்டது. 73 வினாடிகளில் அது சிதைய, எழுவர் உயிர் நீத்தனர்.

2022 யூலையில் வெப் அனுப்பிய முதற் படங்களை உலகம் வியந்து நோக்கியது. என்னைக் கவர்ந்தது, அதற்கு முன் நிகழ்ந்த பிழைகள் அறிக்கைகளாகப் பகிரங்கப்படுத்தப்பட்டமையே. பரீட்சைகளும் தவணைகளும் காரணம் கூறப்படாமலே தள்ளிப்போவதைக் கண்ட மாணவர் நாம். எனவே எத்தாமதத்தையும் இரு வினாக்களால் அளத்தல் தகும்: இக்காலத்தில் யாது திருத்தப்படுகின்றது? அது காத்திருப்போர்க்கு உரைக்கப்பட்டதா? இவ்விரண்டுக்கும் விடையிருப்பின், காத்திருத்தல் இழப்பன்று.