மொட்டை மாடியில் ஒரு விமானம்!

திருவொற்றியூர்வாசிகளுக்கு புல்லட் மோட்டார் சைக்கிளின் சத்தம் கோயில் மணி மாதிரி. தெருமுனையில் "டப்... டப்..." என்று கேட்டதுமே, வருகிறவர் யார் என்று அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். 1950-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் புல்லட் செய்த ஊர் அல்லவா?

அந்த ஊரிலிருந்து என் அக்கா போனில் அலறினாள்.

"உடனே புறப்பட்டு வாடா! உன் மருமான் பழைய புல்லட் எஞ்சினைக் கழற்றி மொட்டை மாடியில் வைத்திருக்கிறான். ஏரோப்ளேன் கட்டப் போகிறானாம்! நீ சொன்னால்தான் கேட்பான்."

போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே தர்மசங்கடம். "வேண்டாம்" என்று சொல்லி அவன் விட்டுவிட்டால், ஓர் இளைஞனின் ஆசையைக் கிள்ளிய பாவம் என்னைச் சேரும். "சபாஷ்" என்று தட்டிக் கொடுத்து, அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால்? அப்புறம் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது?

பையன் லேசுப்பட்டவன் அல்ல.

"மாமா, ரைட் சகோதரர்களுக்கு எந்த மோட்டார் கம்பெனியும் எஞ்சின் செய்து தரவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர்தான் ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். 1903-ல் பறந்த அந்த எஞ்சினுக்கு வெறும் 12 குதிரைச் சக்தி. இதற்கு 18 இருக்கிறதே!"

"அது அமெரிக்காவில் அப்பா!"

"நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது, மாமா. மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் தாமே திட்டம் போட்டார். சிம்ப்ஸன் கம்பெனியார் கட்டிக் கொடுத்தார்கள். 1910-ல் பல்லாவரத்தில் பறந்தே காட்டினார். அதிலும் சின்ன எஞ்சின்தான்!"

நான் வாயடைத்துப் போனேன். மாடிப்படியில் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

"சரி, ஓட்டித்தான் காட்டேன்" என்றேன்.

இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்த எஞ்சினை அவன் உதைத்துக் கிளப்பினான். பாதி வேகம்தான். கீழே சமையலறை அலமாரியில் டம்ளர்கள் கும்மியடித்தன. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சட்டத்திலிருந்து ஒரு நட்டு கழன்று, உருண்டு, என் செருப்பருகில் வந்து நின்றது.

நான் குனிந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். "இங்கே நான் பொறுக்கிவிட்டேன். மேலே யார் பொறுக்குவது?"

அவன் முகம் மாறிவிட்டது. எஞ்சினை நிறுத்தினான். பிறகு அவனே விளக்கினான். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடி. சாலையில் முழு வேகம் எப்போதோ சில நிமிஷம்தான். விமான எஞ்சினோ கிளம்பும்போது முழுச் சக்தியிலும், பிறகு மணிக்கணக்கில் முக்கால் சக்தியிலும் ஓட வேண்டும். இந்தப் பழைய புல்லட்டில் பிளக்கும் ஒன்றே ஒன்று. அது அணைந்தால் எல்லாம் அணைந்தது!

வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பலர் நாடும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912-ஐப் பாருங்கள். எதிரெதிராகப் படுத்த நான்கு சிலிண்டர்கள். ஒன்றின் அதிர்ச்சியை மற்றது வாங்கிக்கொள்ளும். பொறி கொடுக்க இரட்டை ஏற்பாடு; ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும். எஞ்சின் நிமிஷத்துக்கு 5,800 சுற்று வரை சுற்றினாலும், பல்சக்கரம் அதைச் சுமார் 2,500-ஆகக் குறைத்துத்தான் விசிறிக்குக் கொடுக்கும். விசிறி அளவு மீறிச் சுற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும், இழுவை மிஞ்சாது.

அடுத்து அவன் நோட்டைத் திறந்தான். விமானி முன்னால் வைக்கப் பதினாறு கருவிகளைப் படம் போட்டிருந்தான்! நகைக்கடைக் கண்ணாடி அலமாரிதான் போங்கள்.

"எஞ்சின் நின்றுவிட்டால் இதில் எதை முதலில் பார்ப்பாய்?"

யோசித்துவிட்டு, "வேகமானி" என்றான். அதுதான் சரி. அது தரையின் வேகத்தைக் காட்டுவதல்ல. இறக்கைமேல் வீசும் காற்றின் வேகத்தைக் காட்டுவது. அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், இறக்கை விமானத்தைத் தாங்காது.

உயரமானியோ காற்றழுத்தத்தைப் பார்த்து உயரம் சொல்வது. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி அழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், முந்தின நாள் திருத்திய கருவி சுமார் 300 அடி கூட்டிச் சொல்லும். எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளுக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? அதனால்தான் புறப்படுமுன் அன்றைய அழுத்தத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள்.

இவற்றோடு திசைகாட்டி, எஞ்சினுக்கு எண்ணெய் அழுத்தம், சூடு, சுற்று காட்டும் மூன்று. பதினாறில் ஆறு மிஞ்சின. ரைட் சகோதரர்களின் விமானத்தில் இருந்தவையே காற்றுவேகமானி, ஸ்டாப் வாட்ச், சுற்றெண்ணி என்று மூன்றுதான்!

"வேண்டாம்" என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. எஞ்சின் மறுபடி வண்டிக்கே போய்விட்டது. பையன் இப்போது விமானம் ஓட்டக் கற்கவும், நல்ல எஞ்சின் வாங்கவும் பணம் சேர்க்கிறான். அரசாங்க அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எழும்புவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியமும் செய்து கொடுத்திருக்கிறான்.

போன வாரம் போனபோது, மாடிக் கம்பியில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"ஏழாவது கருவியாம்!" என்றாள் அக்கா. "விமானத்துக்கு முன்னால் கட்டினால், பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று இதுவே காட்டிவிடுமாம். கிளைடர் ஓட்டுகிறவர்கள் இன்றும் கட்டுகிறார்களாம். நிஜமாடா?"

"நிஜம்தான், அக்கா. ரைட் சகோதரர்களும் கட்டினார்கள். நூல் ஏது?"

"என் தையல் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றாள் அக்கா.