கண்ணே தராசு

நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சிதறுவதைத்தான் சூப்பர்நோவா என்கிறார்கள். 2023 மே 19 அன்று, ஜப்பானைச் சேர்ந்த கோயிச்சி இடாகாகி என்ற அமெச்சூர், எம்101 என்ற கேலக்ஸியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். சப்தரிஷி மண்டலத்தின் பக்கம், சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரம். உச்சத்தில் அதன் பிரகாசம் சுமார் 11 மேக்னிட்யூட். (எண் கூடக் கூட வெளிச்சம் குறையும், அதுதான் இந்தக் கணக்கின் வேடிக்கை! 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு.) வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டான இடத்தில் 6 அங்குல டெலஸ்கோப் இருந்தால் போதும்.

சரி, பிரகாசத்தை எப்படி அளப்பது? கண்தான் தராசு. சுற்றியுள்ள நட்சத்திரங்களில் ஏற்கெனவே அளக்கப்பட்டவற்றுக்கு வரைபடத்தில் எண் போட்டிருப்பார்கள். 112 என்றால் 11.2. புள்ளி வைத்தால் அதையும் நட்சத்திரம் என்று நினைத்துவிடுவார்களே! சூப்பர்நோவா 112-ஐ விட மங்கல், 118-ஐ விடப் பிரகாசம், சரியாக நடுவில் என்றால் 11.5. அவ்வளவுதான்.

கேட்கச் சுலபம். ஆனால் கேலக்ஸியின் பின்னணி வெளிச்சம் ஏமாற்றும். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரகாசம் கூடுவது போலத் தோன்றும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி மனசு. அடுத்தவர் 11.3 என்று சொன்னது தெரிந்தால், நம் கண்ணுக்கும் 11.3 தான் தெரியும். கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். இங்கே காதால் கேட்பதுதான் பெரிய பொய். அதனால், தன் கணக்கை எழுதி முடிக்கும்வரை மற்றவர் கணக்கைப் பார்க்கக்கூடாது.

இவ்வளவு கறார் எதற்கு? 1885 ஆகஸ்டில் ஆண்ட்ரோமிடாவில் ஒரு சூப்பர்நோவா தெரிந்தது. உச்சம் சுமார் 6. ஆண்ட்ரோமிடா தனி கேலக்ஸி என்பதே அன்று உறுதியாகவில்லை. சூப்பர்நோவா என்ற பெயரும் கிடையாது. ஆனாலும் பலர் டெலஸ்கோப்பில் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, தேதி போட்டு எழுதி வைத்தார்கள். சரியாக 100 வருடம் கழித்து, 1985-ல், டி வாகுலர், கார்வின் என்ற இருவர் அந்தப் பழைய குறிப்புகளைத் தொகுத்து, அதன் ஒளி ஏறி இறங்கிய விதத்தை வரைந்தார்கள். வழக்கமான சூப்பர்நோவாக்களை விட வேகமாக மங்கியிருந்தது அது!

தாங்கள் பார்ப்பது என்ன என்று தெரியாமலேயே, பார்த்ததை மட்டும் எழுதியவர்கள் அவர்கள். ஆளுக்கு ஆள் பார்த்துக் காப்பியடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வவுச்சர் தொலைந்தால் டூப்ளிகேட் வாங்கலாம். மறுபடி அளந்து பார்க்க அந்த வெளிச்சம் இனி வராது.