சின்னப் பலகையும் ஒற்றை வரிச் சீட்டும்

ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை உண்டு. 2012-ல் வந்தது. எங்கள் வீட்டில் அதுதான் பாட்டுப் பெட்டி. அது கண் விழிக்கத் தேவையான கொஞ்சம் மட்டும் மெமரி கார்டில், மற்றதெல்லாம் யூ.எஸ்.பி. டிஸ்க்கில். அம்மா பாடிய நலங்குப் பாட்டும் தாலாட்டும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பதிவு செய்த கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன.

ஒரு நகல் இருக்கட்டும் என்று போன மாதம் இன்னொரு டிஸ்க் வாங்கி மாட்டினேன். மறுபடி ஆன் செய்தால், ‘எஸ்டிஏ2-க்காகக் காத்திருக்கிறேன்’ என்ற பொருளில் திரையில் ஒரு வரி. அரை மணி நேரமாகியும் அப்படியே நின்றது. பார்க்க வந்த பையன், “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

விஷயம் இதுதான். மின்சாரம் வந்ததும் பூட்லோடர் என்னும் சிறு நிரல் எழுந்து, கார்டிலிருந்து கெர்னலை எடுத்து ஓடவிடுகிறது. கூடவே ஒற்றை வரிச் சீட்டு ஒன்றையும் கொடுக்கிறது. சிஎம்டிலைன் என்ற கோப்பில் இருப்பது அந்த வரி. ‘உன் ரூட், அதாவது உன் குடியிருப்பு, இன்ன இடம்’ என்று அதில் இருக்கும். எங்கள் சீட்டில் எஸ்டிஏ2 என்றிருந்தது. முதலில் தென்படும் டிஸ்க்கின் இரண்டாம் பகுதி என்று அர்த்தம்.

ரேஷன் கடை வரிசையில் தினமும் ஒரே ஆளா முதலில் நிற்கிறார்? புது டிஸ்க் முந்திக்கொண்டு ‘ஏ’ ஆகிவிட்டது. அதில் இரண்டாம் பகுதியே கிடையாது. பழையது ‘பி’ ஆயிற்று. சீட்டில் ரூட்வெயிட் என்ற சொல்லும் இருந்ததால், மெதுவாக விழிக்கும் டிஸ்க் என்று நினைத்துக் கெர்னல் காத்துக்கொண்டே இருந்தது. பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புது டிஸ்க்கைக் கழற்றினேன், பெட்டி எழுந்தது. பிஎல்கேஐடி என்று கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் பார்ட்யூயூஐடி என்று ஓர் அடையாள எண் காட்டும். அது டிஸ்க்கின் பகுதி அட்டவணையோடு சேர்ந்தது; எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. சீட்டில் எஸ்டிஏ2-ஐ எடுத்துவிட்டு அந்த எண்ணை எழுதினேன். எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவே என்டர் தட்டக் கூடாது. எஃப்எஸ்டேப் கோப்பிலும் அதே மாற்றம். இப்போது எந்த டிஸ்க் முந்தினாலும் கவலையில்லை.

இன்னொன்று. டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் மறுபடி குழப்பம். அதனால் பாட்டுகளைக் கோப்புகளாக மட்டும் நகல் எடுத்திருக்கிறேன். யாராவது ‘அழித்துவிட்டுப் போடலாம்’ என்றால், முதலில் அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிடுங்கள்.