காத்திருப்பது யார்?

தொலைவில் உள்ள கணினியிடம் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, விடை வருமளவும் வேறொன்றும் செய்யாது நிற்பது ஒரு முறை. கேள்வியை அனுப்பிவிட்டுப் பிற வேலைகளைப் பார்த்திருந்து, விடை வந்தபொழுது எடுத்துக்கொள்வது மற்றொரு முறை. முன்னதை ஒத்திசைவு அழைப்பு என்றும் பின்னதை ஒத்திசையா அழைப்பு என்றும் கணினித் துறையினர் வழங்குவர். பெயர்கள் சற்றே கரடுமுரடானவை. ஆகவே முன்னதை ‘நின்று கேட்டல்’ என்றும் பின்னதை ‘விட்டுக் கேட்டல்’ என்றும் இங்கே குறிக்கின்றேன்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் பள்ளிக்குச் சொற்பயிற்சிப் பக்கம் ஒன்று வந்தது. மாணவர் ஒரு சொல்லைத் தொட்டால், அதன் பொருளும் பகுபத உறுப்புகளும் தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து வந்து திரையில் விரியும். பைதான் மொழியில் எழுதப்பெற்று உலாவிக்குள்ளேயே இயங்கும் நிரல் அது. கணினி அறையில் முப்பது பேர் ஒருசேரத் தொட்டபொழுது விடை தாமதித்தது. தாமதம் பெரிதன்று, ஆனால் அவ்விடைவெளியில் திரை முழுவதும் உறைந்துவிட்டது. பக்கம் நகரவில்லை, எந்தப் பொத்தானும் இயங்கவில்லை. அதிகம் பேசாத மாணவி ஒருத்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “நான் ஒன்றும் செய்யலைங்க ஐயா” என்றாள். கருவியின் குறையைத் தன் குற்றமாக எண்ணிவிட்ட பிள்ளை அடுத்த சொல்லைத் தொடுமா? அவள் அன்று தொடவேயில்லை. ஓய்வு நேரத்தில் பைதான் கற்றவன் நான். ஆதலின் அந்நிரலைத் திறந்து பார்த்தேன். அது நின்று கேட்கும் நிரல்.

உலாவியில் திறந்திருக்கும் ஒரு பக்கத்திற்குப் பெரும்பாலும் வேலையாள் ஒருவனே. எழுத்தைத் திரையில் தீட்டுபவனும், விரல் பட்டதை உணர்பவனும், நிரலை வரிவரியாக நிறைவேற்றுபவனும் அவனே. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி இந்த ஒற்றையாள் ஏற்பாட்டிலேயே வளர்ந்தது. அவனை விடைக்காக வாசலில் நிறுத்திவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. நிறுத்துவதும் எளிது. சேவையகத்தை அழைக்கும் பழைய உலாவிக் கருவி ஒன்றில், ஒத்திசையாமையைக் குறிக்கும் இடத்தில் ‘பொய்’ என்னும் மதிப்பை இட்டால் போதும். இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்று உலாவிகளே இன்று எச்சரிக்கின்றன.

எனினும் நின்று கேட்பதை நிரலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு. முதல்வரி கேட்கிறது, இரண்டாம்வரி விடையைப் பெறுகிறது, மூன்றாம்வரி அதைக் காட்டுகிறது. கதை நேராகச் செல்கிறது. பைதானின் அழகே அந்த நேர்மைதான். கூகுளின் வெப் டூல்கிட் 2006இல் வந்தது. அதன் வழியில் பைதானை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தந்த ‘பைஜாமாஸ்’ (பெயரைக் கண்டு நகைக்க வேண்டா) தொலைவழைப்புக்கு விட்டுக் கேட்கும் முறையையே வைத்திருந்தது. அதில் விடையை ஒரு செயற்கூறும், பிழையை வேறொரு செயற்கூறும் வாங்க வேண்டும். கதை நடுவில் அறுந்து வேறு பக்கத்தில் தொடரும். படிப்பவருக்குத் தொல்லைதான்.

அறுந்த கதையை ஒட்டவைத்தது, 2015இல் வெளிவந்த பைதான் 3.5 தந்த ‘ஏசிங்க்’, ‘அவெயிட்’ என்னும் இரு சொற்கள். (முன்னதன் முதலெழுத்தை அகரமாக எழுதினால் வகுப்பில் அமைதி கெடும்.) 2018இல் மோசில்லாவில் தொடங்கப்பெற்ற ‘பையோடைடு’, பைதானின் இயக்கியையே உலாவிக்குள் கொண்டுவந்தது. அங்கும் இவ்விரு சொற்களே கைகொடுக்கின்றன.

இவற்றைத் தமிழ் மாணவருக்கு விளக்குவது எளிது. ‘ஏசிங்க்’ என்று குறித்த செயற்கூற்றை அழைத்தால் உடனே கிடைப்பது விடையன்று. முடிவு பெறாத ஒரு பொருள். ‘படித்து’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் எப்படி மேலே எதிர்பார்ப்பாரோ, அப்படி நிற்கும் எச்சம் அது. ‘அவெயிட்’ சேர்ந்த பின்னரே முற்றுக் கிடைக்கும். அதைச் சேர்க்காது விட்டால் வேலை தொடங்கவே தொடங்காது. பைதான் ஓர் எச்சரிக்கையை மட்டும் தரும். ‘எழுந்து, குளித்து, உண்டு’ என எச்சங்கள் தொடர்வதுபோல, ‘அவெயிட்’ சொல்லும் செயற்கூறு தானும் ‘ஏசிங்க்’ ஆகவேண்டும். அதை அழைப்பதும் அவ்வாறே.

என் பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது நிரலர், இதைத்தான் குறை கூறினார். “ஒரு வரிக்காக நாற்பது செயற்கூறுகளைத் திருத்தச் சொல்கிறீர்களே, ஐயா!” அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் எழுதுபவர் ஒரு மாலைப்பொழுது படும் தொல்லையை, எழுதாத பிள்ளைகள் நாள்தோறும் சிறிது சிறிதாகப் படவேண்டுமா என்று கேட்டேன். அவர் இடைவழி ஒன்றைச் சொன்னார். பக்கத்தை விட்டு விலகி இயங்கும் ‘ஒர்க்கர்’ என்னும் இரண்டாம் வேலையாளை அமர்த்தினால், அவன் நின்று கேட்டாலும் திரை உறையாது. ஆனால் அவனுக்குத் திரையைத் தொடும் உரிமை இல்லை. செய்தி அனுப்பியே சொல்லவேண்டும். இருவரையும் இணைப்பதற்கு மறுபடியும் விட்டுக் கேட்டலே தேவைப்படுகிறது.

நிரலை எழுதியவரின் இசைவோடு நாங்கள் அதைத் திருத்தினோம். அங்கே எதிர்பட்டது நின்று கேட்பதில் இல்லாத ஓர் இடர். மாணவர் ‘கண்டனன்’ என்பதைத் தொட்டுவிட்டு உடனே ‘செய்தான்’ என்பதைத் தொடுகிறார். இரண்டாம் விடை முந்தி வருகிறது. முதல்விடை பிந்தி வந்து அதன்மேல் அமர்கிறது. ‘செய்தான்’ என்னும் தலைப்பின்கீழ்க் ‘காண்’ என்னும் பகுதி! இலக்கண வகுப்பில் இதைவிடத் தீங்கு வேறில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் வரிசையெண் இட்டு, கடைசி எண்ணுக்குரிய விடையை மட்டும் ஏற்கச் செய்தோம். பத்து நொடியில் விடை வாராவிடில், “சொல் இன்னும் வரவில்லை; மீண்டும் கேட்கலாம்” என்னும் வரி தோன்றும்.

திரை உறையாததால் பிள்ளைகள் இப்பொழுது முன்னினும் விரைந்து தொடுகின்றனர். சேவையகத்திற்குச் சுமை கூடிவிட்டது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளுக்குமேல் செல்லலாகாது என்கிறார் பழைய மாணவர். நான் மூன்று கேட்டிருக்கின்றேன்.