விழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்



பாடத்திட்டம், தேர்வு, பயிற்றுத் துணைப்பொருள் எல்லாவற்றையும் இம்முறை சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு நாற்காலியைப் பற்றி எழுதுகிறேன். என் தந்தையாரின் கால்களுக்கு மீண்டும் வலுவூட்டுவதற்காகச் செய்யப்பட்ட நாற்காலி அது. அதைச் செய்வதற்கு முன் நான் ஒரு பெருந்தவறு செய்தேன். அத்தவற்றையும் மறைக்காமல் சொன்னால்தான் இக்கட்டுரையால் யாருக்கேனும் பயன் விளையும்.

அப்பாவுக்கு வயது 76. பேராக் மாநிலத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, மரத்துக்கு மரம் குனிந்தும் குந்தியும் எழுந்தும் வேலை செய்தவர். தோளில் காண்டாக் கம்பும் இருபுறமும் பால் வாளிகளுமாய் மேட்டில் ஏறியவர். அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு டிங்கிக் காய்ச்சல் கண்டு, இரண்டு வாரம் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து வீடு திரும்பியபோது தாமாக எழுந்து நிற்க முடியவில்லை. தொடைச் சதை வற்றிப்போயிருந்தது. முதுமையில் படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் கால் தசையைக் கரைக்கிறது என்பதை நான் கண்ணால் கண்டது அப்போதுதான்.

இயன்முறை மருத்துவர் ஓர் எளிய பயிற்சியைத்தான் சொல்லிக்கொடுத்தார். நாற்காலியில் உட்கார வேண்டும், எழ வேண்டும். பத்து முறை. சற்று ஓய்வு. மீண்டும் பத்து முறை. "உயரமான, உறுதியான இருக்கையாக இருக்கட்டும்" என்றும் சொன்னார். நான் "உயரமான" என்ற சொல்லை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டேன். "உறுதியான" என்ற சொல்லை விட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசை நாற்காலியின்மேல் இரண்டு மெத்தைத் திண்டுகளை அடுக்கி, வழவழப்பான டைல்ஸ் தரையில் வைத்தேன். நான்காம் நாள், எழுந்து நின்ற அப்பா மீண்டும் உட்காரும்போது திண்டு நழுவியது. நாற்காலி பின்னால் சறுக்கியது. அப்பா தரையில் விழுந்தார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் வேறொன்று முறிந்துவிட்டது. அதன்பின் மூன்று வாரங்கள் அவர் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. "வேணாம்மா, போதும்" என்பார். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் வேண்டாம் என்றதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. தண்ணீர் கேட்டால் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க இருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்பதே என் வாயில் நாள்முழுதும் வரும் சொல்லாயிற்று. இரவில் கழிப்பறைக்குப் போகவும் என்னையோ என் கணவரையோ எழுப்ப வேண்டிய நிலை வந்தது. அப்படி எழுப்பும்போதெல்லாம் அவர் குரலில் இருந்த கூச்சத்தை நான் கேட்டும் கேளாதவள்போல் இருந்தேன். பாதுகாப்பு என்ற பெயரில் அவருடைய கால்களை நானே மேலும் மெலியச் செய்துகொண்டிருந்தேன்.

இந்நிலையில்தான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பொருளை வடிவமைக்குமுன் அதைப் பயன்படுத்துபவரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விளக்குகையில், எடுத்துக்காட்டாக எங்கள் வீட்டுச் செய்தியைச் சொன்னேன். "தாத்தா விழாமல் பயிற்சி செய்ய எப்படிப்பட்ட நாற்காலி வேண்டும்?" என்று கேட்டேன். சக்கரம் வேண்டாம், கைப்பிடி வேண்டும், இடைவார் வேண்டும் என்று பலரும் பலவாறு சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "டீச்சர், அப்படியும் தாத்தா விழுந்தா எங்க விழுவாரு?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விழவே கூடாது என்றுதான் அதுவரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். விழுந்தால் எங்கே விழுவார் என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு தொடங்கி, கால் பயிற்சிக் கருவிகளை உலகம் எப்படியெல்லாம் வடிவமைத்திருக்கிறது என்று தேடிப் படித்தேன். சுவீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1865ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோமில் ஓர் உடற்பயிற்சி நிலையம் அமைத்து, நெம்புகோலும் எடையும் கொண்ட பொறிகளை நோயாளிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஒவ்வொருவரின் வலிமைக்கும் ஏற்பப் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்ததே அப்பொறிகளின் சிறப்பு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சிக்காகோ நகரின் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் தாமஸ் டிலோர்ம், முழங்காலில் காயமுற்ற வீரர்களின் பாதத்தில் இரும்புக் காலணியைப் பூட்டி, அதில் எடைத் தட்டுகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பயிற்சி அளித்தார். அதன் பயனை 1945ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். பாரத்தைப் படிப்படியாக உயர்த்தும் முறை மருத்துவத்தில் வேரூன்றியதற்கு அவர் பணி பெருங்காரணம்.

முதியவர்களுக்கு இதெல்லாம் பொருந்துமா என்ற ஐயம் எனக்கிருந்தது. அதற்கும் விடை கிடைத்தது. 1990ஆம் ஆண்டு பாஸ்டனில் டாக்டர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர், சராசரி வயது 90 உடைய பத்து முதியோருக்கு எட்டு வாரங்கள் கால் வலுப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறில் முடிந்தது எழுபத்தாறில் முடியாதா?

என் மாணவியின் கேள்விக்கான விடையை உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் ஓர் இரும்புச் சட்டத்தில் கண்டேன். தோளில் பாரத்தை ஏந்திக் குந்தி எழும் பயிற்சிக்கான சட்டம் அது. நான்கு தூண்கள், தூண்களில் வரிசையாகத் துளைகள், அத்துளைகளில் செருகப்பட்ட இரண்டு கிடைக்கம்பிகள். பயிற்சி செய்பவர் எவ்வளவு ஆழம் குந்துவாரோ, அதற்குச் சற்றே கீழே அக்கம்பிகள் இருக்கும். பயிற்சி ஒழுங்காக நடக்கும்வரை அவற்றுக்கு வேலையே இல்லை. எழ முடியாமல் போனால் மட்டும் பாரத்தைக் கம்பிகளின்மேல் இறக்கிவிட்டு ஆள் வெளியே வந்துவிடலாம். மனிதன் ஒருநாள் தோற்பான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தோல்விக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் கருவி அது.

மற்றக் கருவிகளிலிருந்தும் பாடம் கிடைத்தது. ஸ்மித் பொறியில் பாரக்கம்பி இரண்டு தண்டவாளங்களுக்கிடையே மேலும் கீழும் மட்டுமே நகரும். எந்த உயரத்திலும் கொக்கியில் மாட்டிவிடலாம். ஆனால் கம்பியின் பாதைக்கு ஏற்ப உடல் வளைய வேண்டியிருக்கிறது. சாய்ந்து படுத்துக் காலால் உந்தும் லெக் பிரஸ் பொறியில், நிறுத்தக் கட்டையை ஒருவரின் உடலுக்கு மிஞ்சிய ஆழத்தில் வைத்துவிட்டால், முழங்கால் நெஞ்சை நெருங்கும்போது இடுப்பு இருக்கையைவிட்டு மேலெழுந்து கீழ்முதுகு வளைந்துவிடுகிறது. முதுகு நோவுக்கு அது வழி. ஆகவே கருவி ஆளை அளக்க வேண்டும். ஆள் கருவிக்காக வளையக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வரிசையில் பணி ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். என் படத்தைப் பார்த்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எடை எவ்வளவு டீச்சர்?" என்பதுதான். 62 கிலோ என்றேன். "அப்போ 200 கிலோ தாங்கற மாதிரி செய்யணும். முடியாதவங்க மெதுவா உட்கார மாட்டாங்க, பொத்துனு விழுவாங்க" என்றார். நான் படித்துத் தெரிந்துகொள்ளாததை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார்.

அவர் செய்துகொடுத்த அமைப்பு இதுதான். தரையில் ஒரு கனமான பலகை மேடை. நாற்காலியின் கால்கள் அம்மேடையோடு திருகாணியால் பிணைக்கப்பட்டிருந்தன. அப்பாவின் பாதங்களும் அதே மேடையின்மேல்தான் இருக்கும். ஆகவே அவர் எடையே மேடையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நாற்காலி மட்டும் தனியாகச் சறுக்க வழியில்லை. மேடையின் அடியில் தடித்த இரப்பர் விரிப்பு. பின்புறம் சுவர். இருபுறமும் இடுப்பு உயரத்தில் கைப்பிடிச் சட்டங்கள். அவை பாதங்களைத் தாண்டி முன்னாலும் நீண்டிருந்தன. பின்னால் சாய்ந்தால் சுவர், பக்கவாட்டில் சாய்ந்தால் சட்டம், முன்னால் தடுமாறினாலும் கைக்கெட்டும் சட்டம், முழங்கால் தளர்ந்தால் நேர்கீழே இருக்கை. விழக்கூடிய ஒவ்வொரு திசைக்கும் ஒரு விடை இருந்தது.

இருக்கையின் அடிப்படை உயரம் 43 சென்டிமீட்டர். அதன்மேல் 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஐந்து பலகைகளை அடுக்கி, நழுவாதபடி முளையாணிகளால் இறுக்கினோம். தொடக்க உயரம் 53 சென்டிமீட்டர். உயரத்திலிருந்து எழுவது எளிது. இருக்கை தாழத் தாழ முழங்கால் அதிகம் மடங்குகிறது. உடல் எடைக்கும் மூட்டுக்கும் இடையிலான தொலைவு கூடுகிறது. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. கதவைக் கீல் அருகே தள்ளுவது ஏன் கடினம் என்று அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதே நெம்புகோல் கணக்குதான் இதுவும். டிலோர்ம் தட்டுகளைச் சேர்த்துப் பாரத்தைக் கூட்டினார். எங்கள் நாற்காலியில் பலகையை எடுக்க எடுக்கப் பாரம் கூடும். பாதம் தரையில் நன்கு படியவேண்டும் என்பதற்காக இருக்கையின் ஆழத்தையும் குறைத்து, முன்விளிம்பை இழைத்து மழுக்கினோம்.

இயன்முறை மருத்துவரிடம் படங்களைக் காட்டி அவர் சம்மதம் பெற்ற பிறகே தொடங்கினோம். மூச்சை அடக்காமல் இருப்பதற்காக உரக்க எண்ணிக்கொண்டே செய்யச் சொன்னார். மூன்று நாள்கள் தொடர்ந்து கையூன்றாமல் இரண்டு சுற்றுகளை முடித்து, மறுநாள் காலை மூட்டில் வலி இல்லையென்றால் மட்டுமே ஒரு பலகையைக் கழற்றலாம் என்றும் விதித்தார்.

முதல் நாள் அப்பா அதில் உட்கார மறுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேடையின்மேல் நின்று, நானே வேண்டுமென்றே தொப்பென்று இருக்கையில் விழுந்து காட்டினேன். பக்கவாட்டில் சாய்ந்து காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து மேடையின் ஓரத்தில் தெரிந்த இரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல கனம்" என்றார். பிறகு உட்கார்ந்தார். அன்று ஆறு முறை எழுந்தார். ஆறு முறையும் சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான். இரண்டாம் வாரத்தில் கைகள் சட்டத்தைப் பற்றாமல் அதற்குச் சற்றே மேலே நின்றன. சட்டம் பிடித்துக்கொள்வதற்காக மட்டும் இருக்கவில்லை. பிடிக்காமல் இருப்பதற்கான துணிவையும் அதுவே தந்தது.

காலைப் பயிற்சிக்கு அவரே "பெரட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். இடையில் ஒருநாள் முழங்கால் தளர்ந்து இருக்கையில் விழவும் செய்தார். நான் பதறி ஓடினேன். "ஒன்னுமில்லம்மா, நாற்காலிதானே" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முன்பு விழுந்ததும் இதே அப்பாதான். அன்று மூன்று வாரம் முடங்கினார், இன்று மூன்று நொடியில் எழுந்துவிட்டார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மூன்று பலகைகள் கழன்றுவிட்டன, இரண்டு எஞ்சியிருக்கின்றன. கோவிலில் தரையில் அமர்ந்து எழ வேண்டும் என்பது அவர் ஆசை. அது கைகூடுமா என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் இரவில் எங்களை அவர் எழுப்புவதில்லை. கூடத்து விளக்கு எரிந்து அணையும் ஒலி மட்டும் எப்போதாவது கேட்கும். அந்தச் சிறு ஒலி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுத்தில் வடிக்க முடியவில்லை.

இதை எழுதும்போது என் வகுப்பறையையும் எண்ணிப் பார்க்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் மாணவனைப் பார்த்து, பிறர் சிரிப்பார்களே என்று இரக்கப்பட்டு, வாசிக்கும் முறை வரும்போது அவனைத் தாண்டிச் சென்றிருக்கிறேன். வீட்டுப்பாடத்தில் பிள்ளை தவறிவிடுமே என்று தாமே எழுதிக்கொடுக்கும் பெற்றோரையும் கண்டிருக்கிறேன். அதுவும் "நீங்க இருங்கப்பா" என்ற அதே அன்புதான். கால்களை மெலியச் செய்யும் அன்பு. இன்னொரு பக்கம், சறுக்கும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, விழுந்தபின் பிள்ளையின் கால்களைக் குறைகூறுவதும் நம்மிடம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலை கடினமானது. எத்தனை பலகை அடுக்க வேண்டும், எப்போது ஒன்றைக் கழற்ற வேண்டும், தவறினால் பிள்ளை எங்கே விழும் என்று ஒவ்வொருவரையும் அளந்து பார்க்கும் வேலை அது.

சென்ற சனிக்கிழமை காலை கூடத்துக்கு வந்தபோது சுவரோரமாக ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் சொன்ன மூன்று நாள் கணக்கு அன்று முடிந்திருந்தது. அப்பா என்னைக் கேட்கவில்லை, தாமே கழற்றியிருந்தார். மூன்றாவது பலகை அதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியிடம் திங்கட்கிழமை இதைச் சொன்னேன். "இன்னும் எத்தனை பலகை டீச்சர்?" என்று கேட்டாள்.

இரண்டு என்றேன்.